காப்பிக்கு மாற்று: நெப்போலியன் முதல் நம்மூர் மளிகைக் கடை வரை

கைபேசியைப் பார்த்து வீட்டிலேயே கேக் செய்யும் பிள்ளைகள் நம்மூரிலும் பெருகிவிட்டார்கள். மைதா, கோகோ, வெண்ணெய் எல்லாம் எப்படியாவது சேர்ந்துவிடுகின்றன. ஆனால் குறிப்பில் "இன்ஸ்டன்ட் எஸ்பிரெஸ்ஸோ பவுடர் 1 டீஸ்பூன்" என்ற வரி வந்ததும் நின்றுவிடுகிறார்கள். மூங்கில்துறைப்பட்டு மளிகைக் கடைகளில் ப்ரூ உண்டு, சன்ரைஸ் உண்டு, அரைத்துத் தரும் ஃபில்டர் காப்பித் தூளும் உண்டு. எஸ்பிரெஸ்ஸோ பவுடர் கிடையாது. இணையத்தில் வரவழைக்கலாம்தான். ஒரு டீஸ்பூனுக்காக ஒரு பாட்டில் வாங்க வேண்டும்.

"அதற்குப் பதிலாக ப்ரூ போட்டால் அது போலி ஆகிவிடாதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். செய்முறையைக் கடைசியில் சொல்கிறேன். அந்தக் கேள்வியின் கதை இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு நெப்போலியனின் போர்களெல்லாம் மனப்பாடம். 1806 நவம்பர் 21-ல் பெர்லினில் அவர் பிறப்பித்த ஆணையையும் படித்தோம். ஐரோப்பியத் துறைமுகங்களில் ஆங்கிலேயச் சரக்கு எதுவும் இறங்கக்கூடாது என்பது அதன் சாரம். அந்த ஆணை சமையலறையில் என்ன செய்தது என்பதை மட்டும் பாடப் புத்தகம் சொல்லவில்லை. கடல் வழியே வந்துகொண்டிருந்த காப்பியும் கரும்புச் சர்க்கரையும் அருகிப்போயின. காப்பிக்குப் பதிலாக சிக்கரிச் செடியின் வேரை வறுத்து அரைத்தார்கள். சர்க்கரைக்குப் பதிலாக ஒரு வகை பீட் கிழங்கைப் பிழிந்தார்கள். பாரீஸுக்குப் பக்கத்தில் பஸ்ஸி என்ற இடத்தில் தெலெஸேர் என்பவர் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டியபோது, 1812 ஜனவரியில் நெப்போலியன் நேரில் சென்று அவருக்கு விருது அணிவித்தார். அந்த நாட்களில் எங்கள் புதுச்சேரியே ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. 1816-ல்தான் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது.

சிக்கரியை வறுத்துக் குடிப்பது நெப்போலியன் காலத்துப் புதுமை அல்ல. பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1781-ல் வீடுகளில் காப்பிக்கொட்டை வறுப்பதற்குத் தடை போட்டார். வறுக்கும் வாசனையை மோப்பம் பிடித்துச் சொல்ல ஓய்வுபெற்ற சிப்பாய்களைத் தெருத் தெருவாக அனுப்பினார். ஜெர்மானியர் அப்போதே சிக்கரி பக்கம் திரும்பியிருந்தார்கள். பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் முற்றுகைக்கு உள்ளானபோதும் இதே கதைதான். பிரெஞ்சுக் குடிகள் நிறைந்த அந்த நகரம் இன்றும் சிக்கரி கலந்த காப்பியைத் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. போர் முடிந்தது, கப்பல்கள் மறுபடியும் வந்தன, நல்ல காப்பியும் வந்தது. ஆனாலும் சிக்கரி போகவில்லை, பீட் சர்க்கரையும் போகவில்லை. மக்களுக்கு அந்தச் சுவை பிடித்துவிட்டது. பிரான்சில் 1953-ல் ரிக்கோரே என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். காப்பியைவிடச் சிக்கரி அதிகம் உள்ள கரையும் தூள் அது. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களைச் 'சொல்தா' என்போம். விடுமுறைக்கு வரும் சொல்தா குடும்பங்களின் பெட்டியில் அந்த மஞ்சள் டப்பா இருக்கும். அதை உயர்ந்த சீமைச் சரக்காக மதித்து வாங்கிக்கொண்டோம். அதே நாட்களில் மாதக் கடைசியில் என் அம்மா காப்பித் தூளில் சிக்கரியைக் கூட்டிவிடுவாள். அதை விருந்தாளிக்குத் தெரியாமல் மறைப்பாள். இரண்டும் ஒரே வேர்தான்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. சிக்கரி என்றாலே கலப்படம் என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்கும் வரலாறு உண்டு. 1850-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹில் ஹாசல், கடைகளில் விற்ற உணவுப் பொருட்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். சுத்தமான காப்பி என்று விற்றதில் பெரும்பாலும் சிக்கரி இருந்தது. சிக்கரியால் யாருக்கும் உயிர் போய்விடவில்லை. காப்பிக்கான காசை வாங்கிக்கொண்டு வேரைக் கொடுத்ததுதான் அவர் கண்ட குற்றம். பிறகு ஆங்கில அரசு, கலந்திருந்தால் கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் எழுது என்றது.

நம் நாட்டிலும் அதே முறைதான். உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது 1954-ல். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்ததும் அதே வருடம். இப்போது 2006-ம் வருடச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் விதிப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விகிதத்தை மேலே அச்சிட வேண்டும். அரசு அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவனுக்கு இது சட்டென்று புரியும். 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திய காகிதம் எங்கும் செல்லும். அதையே அசல் என்று நீட்டினால்தான் வழக்கு.

இனி அந்த எஸ்பிரெஸ்ஸோ பவுடருக்கு வருவோம். அதுவே ஒரு மாற்றுப் பொருள்தான். எஸ்பிரெஸ்ஸோ என்பது இத்தாலிய இயந்திரத்தில், அழுத்தத்தில் இறக்கும் திக்கான காப்பி. மிலான் நகரின் லூயிஜி பெஸ்ஸெரா 1901-ல் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டார். வீட்டில் இயந்திரம் இல்லாதவர்களுக்காக, கருக வறுத்த கொட்டையில் காப்பி இறக்கி, அதை உலர்த்திப் பொடியாக்கியதுதான் இந்தப் பவுடர்.

காப்பியை உலர்த்திக் கரையும் தூளாக்கும் யோசனைக்கு 1881-லேயே பிரான்சில் காப்புரிமை பெற்றவர் அல்ஃபோன்ஸ் அலே. நகைச்சுவை எழுத்தாளர் என்றே அவரைப் பலருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரர் மகன், மருந்தியல் படித்தவர். 1901-ல் அமெரிக்காவின் பஃபலோ கண்காட்சியில் சதோரி கட்டோ என்ற ஜப்பானியர் கரையும் காப்பியைக் கொடுத்துப் பார்த்தார். 1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பிரேசிலில் காப்பி விலை போகாமல் பல கோடி மூட்டைகள் எரிக்கப்பட்டன. மிஞ்சியதை என்ன செய்வது என்று பிரேசில்காரர்கள் நெஸ்லே நிறுவனத்தைக் கேட்டார்கள். மக்ஸ் மோர்கன்தாலர் என்ற விஞ்ஞானி பல வருடம் முயன்றதன் பலனாக 1938 ஏப்ரல் 1-ல் நெஸ்கஃபே சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. மணம் நிற்பதற்காக முதலில் அதில் மாவுச்சத்தும் சேர்த்திருந்தார்கள். காப்பி மட்டுமே கொண்ட தூள் பிறகுதான் வந்தது. நம்மிடம் ப்ரூ வந்தது 1960-களின் இறுதியில். இன்று நம் தேனியிலேயே இன்ஸ்டன்ட் காப்பி ஆலை இருக்கிறது.

இந்தத் தூள்கள் வரும் முன்பே இனிப்புகளில் காப்பி இருந்தது. பிரெஞ்சு இனிப்புக் கடைகளில் எக்லேர் மேல் பூசும் காப்பிப் பாகுக்குத் திக்கான காப்பிச் சாறு வைத்திருப்பார்கள். ஸ்காட்லாந்தில் 1876 முதல் 'கேம்ப் காப்பி' என்று புட்டியில் விற்றார்கள். காப்பி, சிக்கரி, சர்க்கரை மூன்றும் சேர்ந்த குழம்பு அது. ஆங்கிலேய வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாகக் காப்பி கேக் செய்தது அதில்தான். நம் ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷனும் ஏறக்குறைய அதே சரக்கு. பெயரில்தான் சிறு குழப்பம். பிரெஞ்சில் தெகொக்ஸியோன் என்றால் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைத்து இறுத்தது. தூளைக் கொதிக்க வைத்துத் துணியில் வடிகட்டிய காலத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம். இன்று வெந்நீர் ஊற்றி இறக்குவதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, இப்போது செய்முறை.

சாக்லேட் கேக்கில் எஸ்பிரெஸ்ஸோ பவுடர் சேர்ப்பது காப்பிச் சுவைக்காக அல்ல, சாக்லேட்டின் சுவையைத் தூக்கிக் கொடுக்க. அங்கே ஒரு டீஸ்பூனுக்குப் பதில் ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் காப்பி போடலாம். சிக்கரி கலந்ததானாலும் குற்றமில்லை, அதன் கருகிய இனிப்பு சாக்லேட்டோடு நன்றாகச் சேரும். குருணையாக இருந்தால் ஒரு கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டுச் சேர்க்கவும்.

காப்பியே முன்னே நிற்க வேண்டிய கிரீம், ஐஸ்கிரீம் போன்றவற்றுக்குச் சிக்கரி இல்லாத இன்ஸ்டன்ட் நல்லது. அதற்கு லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். திராமிசு என்ற இத்தாலிய இனிப்பில் பிஸ்கட்டை நனைக்கப் பவுடரே வேண்டாம், முதல் டிகாஷன் போதும். கேக் மாவில் டிகாஷன் ஊற்றினால் ஒரு டீஸ்பூன் பவுடருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதே அளவு பாலையோ தண்ணீரையோ குறைத்துவிடவும். டிகாஷனை அடுப்பில் சுண்டக் காய்ச்ச வேண்டாம், கசந்துவிடும். தூளைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்து இறக்கினால் தானே திக்காக வரும். ஃபில்டர் காப்பித் தூளை நேரடியாக மாவில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். அது கரையாது, பல்லில் மணல் போல நெறநெறக்கும்.

காப்பிக்கொட்டையே இல்லாத ஒன்றைச் சுக்குக் காப்பி என்று நாம் காலங்காலமாகக் குடித்து வருகிறோம். அதை யாரும் போலி என்று சொன்னதில்லை. சுக்கு என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறோம் அல்லவா? நீங்களும் கேக்கைப் பரிமாறும்போது யாராவது கேட்டால் ப்ரூ போட்டது என்று தயங்காமல் சொல்லுங்கள்.