மன்றோ துரையின் ஏழு வருஷ அப்ரண்டிஸ்

ஏற்காடு பத்தி இணையத்துல தேடினா, 1842ல் கவர்னர் தாமஸ் மன்றோ கண்டுபிடிச்சார்னு பல பக்கங்கள்ல போட்டிருக்கு. மனுஷன் 1827லேயே காலராவுல போய்ச் சேர்ந்துட்டார். செத்து 15 வருஷம் கழிச்சு எப்படிங்க மலையேறினார்? :-) மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்த சேர்வராயன் மலையை இன்னொருத்தர் வந்து 'கண்டுபிடிக்க' என்ன இருக்கு? அங்கே காபியைக் கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்.

ஆனா மன்றோவுக்கும் சேலம் சீமைக்கும் நிஜமாவே தொடர்பு உண்டு. ரியல் எஸ்டேட்ல நுழையற பசங்க இப்போ ஒரு இடத்துல அளவை, இன்னொரு இடத்துல பத்திரம், விலை மதிப்புன்னு இன்டர்ன்ஷிப் போறாங்க இல்லையா? மன்றோ அதையெல்லாம் மொத்தமா கத்துக்கிட்டது இந்தப் பக்கம்தான்.

1780ல மெட்ராஸ்ல வந்து இறங்கினப்போ அவர் வெறும் காலாட்படை கேடட். 1792ல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தப்படி பாராமகாலும் சேலமும் திப்புகிட்டேர்ந்து கம்பெனி கைக்கு வந்துச்சு. வரி வசூலிக்கணும், ஆனா மெட்ராஸ் சிவிலியன்களுக்கு ஊர் பாஷை தெரியாது. அதனால காரன்வாலிஸ், கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில பட்டாளத்து ஆசாமிகளை அனுப்பினார். ரீடுக்கு உதவியா மெக்ளாய்ட், கிரஹாம், மன்றோ. வருவாய்த்துறை அனுபவம்? பூஜ்யம். மன்றோவுக்கு வயசு முப்பதை ஒட்டி, கிட்டத்தட்ட நம்ம செட்டு!

1799 வரை ஊர் ஊரா அலைச்சல். வயல் வயலா அளக்கணும், நஞ்சை புஞ்சை பிரிக்கணும், கர்ணம் காட்டுற கணக்கு நிஜமான்னு பார்க்கணும், விளைச்சல் பொய்த்தா குடியானவன் புலம்பலையும் கேக்கணும். ஏசி ரூம்ல ஆணி பிடுங்குற நமக்கு ஒரு வாரம் தாங்காது.

1793ல வங்காளத்துல காரன்வாலிஸ் ஜமீன்தார்களை வெச்சு நிரந்தர வரி ஏற்பாடு பண்ணினார். இங்கே ரீடும் மன்றோவும் நடுவுல ஆள் இல்லாம நேரா விவசாயிகிட்டயே வரி பேசினாங்க. ரயத்வாரி முறை உருவானது இப்படித்தான். நம்ம வீட்டு பீரோவுல இருக்கிற பட்டாவோட பூர்வீகத்தைத் தேடினா இங்கதான் வந்து நிக்கும்.

அதுக்காக ரயத்வாரி ஒண்ணும் தர்ம சத்திரம் இல்லை. வரி ரொம்பவே கடுமை. நிலத்துல நடந்து பழகின மன்றோவுக்கே அது தெரிஞ்சிருந்தது. பின்னாடி கடப்பா, பெல்லாரி பக்கம் கலெக்டரா இருந்தவர், வரியில கால் பங்கு குறைக்கணும்னு 1807ல எழுதினார். மேலிடம் அப்போ கண்டுக்கலை. 1820ல அவரே மெட்ராஸ் கவர்னரா வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் குறைப்பு அமலுக்கு வந்துச்சு.