யார் எழுதிய வசனம்?

திரைப்படம் பேசத் தொடங்கியதும் அமெரிக்க ஸ்டூடியோக்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. மௌனப் படமென்றால், இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் மாற்றி எந்த நாட்டுக்கும் அனுப்பிவிடலாம். பேசும்படத்தை அப்படி அனுப்ப முடியாது. டப்பிங்கும் அப்போது தேறியிருக்கவில்லை. எனவே ஒரே கதையை வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிய மொழியில் மறுபடியும் எடுத்தார்கள். யுனிவர்சல் நிறுவனத்தின் ‘டிராகுலா’ 1931இல் இப்படித்தான் இரண்டு படங்களாக வந்தது. பகலில் ஆங்கிலக் குழு நடித்த அரங்குகளிலேயே இரவில் மெக்சிகோவின் லூபிதா தோவார் நடித்தார்.

அதே ஆண்டு ஃபாக்ஸ் நிறுவனம் ‘மமா’ என்ற படத்தை வெளியிட்டது. ஸ்பானிய மொழியில் ‘அம்மா’ என்று பொருள். இது ஆங்கிலப் படமொன்றின் மறுவடிவம் அல்ல. ஸ்பெயினில் மேடையேறிய நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. இயக்கியவர் பெனிட்டோ பெரோஹோ. நாயகி, மேடையில் பெரும்பெயர் பெற்ற கத்தலினா பார்செனா. நாடகாசிரியர் என்று உலகம் அறிந்திருந்தது அவருடைய துணைவர் கிரெகோரியோ மார்ட்டினெஸ் சியெர்ராவை. ஆனால் அவர் பெயரில் வந்த நாடகங்களை எழுதியவர் அவருடைய மனைவி மரியா லெஹார்ராகா என்பதை இன்று ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள்.

1874இல் பிறந்த மரியா பள்ளி ஆசிரியை. 1899இல் தன் பெயரில் ஒரு கதைத் தொகுப்பு வெளியிட்டார். வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இனி எந்தப் புத்தக அட்டையிலும் தன் பெயர் வராது என்று அன்றே முடிவெடுத்ததாகப் பின்னாளில் எழுதினார். எழுத்தாளப் பெண் என்றால் வரும் கெட்டபெயர் ஆசிரியை வேலைக்கு ஆகாது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். 1922இல் கணவர் பிரிந்துபோன பிறகும் அவருக்காக எழுதினார். தன் படைப்புகள் அனைத்தும் மனைவியோடு சேர்ந்து எழுதியவை என்று 1930இல் கிரெகோரியோ கையெழுத்திட்டுக் கொடுத்தார். உலகம் அறிந்த பெயர் அதனால் மாறிவிடவில்லை.

ஓர் ஆணுக்காக இரண்டு பெண்கள் போட்டியிட்ட கதையாக இதைச் சொல்வது சுலபம். அப்படிச் சொன்னால் நடுவில் நிற்பவர் மறுபடியும் கிரெகோரியோதான். ‘மமா’வை வேறு விதமாகவும் கேட்கலாம். ஒலிவாங்கியின் முன் நிற்பவர் ஒரு பெண். அவர் வாயிலிருந்து வருவது இன்னொரு பெண் நாடகமாக்கிய தாயின் கதை. திரை பேசக் கற்றுக்கொண்ட அந்த ஆண்டிலும் எழுதியவளைப் பற்றி மட்டும் அது வாய் திறக்கவில்லை.

மரியா பேசத் தெரியாதவர் அல்லர். பெண்ணுரிமைக்காக உரையாற்றியவர், 1933இல் கிரனாடாவிலிருந்து சோஷலிஸ்ட் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். உள்நாட்டுப் போர் அவரை நாடுகடக்க வைத்தது. 1947இல் கிரெகோரியோ இறந்த பிறகு, 1953இல் மெக்சிகோவில் தன் நினைவுநூலை வெளியிட்டார். தலைப்பு ‘கிரெகோரியோவும் நானும்’. ஆசிரியர் பெயர், மரியா மார்ட்டினெஸ் சியெர்ரா. அட்டைக்குத் தன் பெயர் திரும்பியபோதும் கணவரின் குடும்பப் பெயரோடுதான் திரும்பியது. 1974இல் புவனஸ் ஐரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 99.