காயல் மணலும் மானா கணவாயின் பனியும்

காயல்பட்டினத்திலிருந்து கொம்புத்துறைக்குக் கடலோரமாக நடந்து செல்வோர் அறிவர். உலர்ந்த மணலில் வைத்த கால் புதையும். ஒரு கல் தொலைவு இரண்டு கல்லாகத் தோன்றும். 1542 முதல் ஈராண்டுக் காலம் இக்கரையெங்கும் நடந்து திரிந்த புனித சவேரியாரின் கால்களை நாம் மறப்பதில்லை. அவருடைய சபையைச் சேர்ந்த வேறு சிலருக்கு வாய்த்த வழியோ நம் கற்பனைக்கு எட்டாதது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் திருப்பலிக்குச் செல்லும்போது தலையில் இறங்கும் ஈரம். ஆளை மார்பளவு விழுங்கும் பனியை அவர்கள் நடந்து கடக்க வேண்டியிருந்தது.

அப்பனிக்கும் இக்காயலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதினார். (அவர் சொன்ன காயல் இன்றைய காயல்பட்டினமா, தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழையகாயலா என்ற வழக்கை நாம் இங்கே தீர்க்கப் போவதில்லை.) ஹொர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்த கப்பல்களையும், மக்கள் ஓயாது வெற்றிலை மெல்வதையும் குறித்த அதே மனிதர், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் பாமீர் மேட்டுநிலத்தைக் கடந்தவர். அங்கே இரு மலைகளுக்கு நடுவே ஓர் ஏரியையும், நெருப்பு ஒளி குன்றி எரிவதையும் அவர் சொல்கிறார். குளிரே அதற்குக் காரணம் என்றார். உண்மைக் காரணம் மெலிந்த காற்று. அந்தப் பிழை மூன்று நூற்றாண்டுகள் கழித்து இன்னொரு மலையில், இன்னொரு ஏரியின் அருகே மீண்டும் நிகழ்ந்தது.

போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைக் குரு அந்தோனியோ தெ அந்திராதே 1624ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஆக்ராவை விட்டுப் புறப்பட்டார். மதுரைப் பணித்தளத்தை நிறுவிய தத்துவ போதகர் மதுரையை விட்டுச் சேலம் பகுதிகளில் அலைந்துகொண்டிருந்த காலம் அது. இமயத்திற்கு அப்பால் கிறிஸ்தவர்கள் வாழ்வதாக ஆக்ராவில் ஒரு பேச்சு உலவியது. அவர்களைக் காண்பதே அந்திராதேயின் நோக்கம். சகோதரர் மனுவேல் மார்க்கஸ் உடன் சென்றார். கிறிஸ்தவப் பணியாளர் இருவரும் இருந்தனர். பத்ரிநாத் செல்லும் திருப்பயணிகளோடு சேர்ந்து, கார்வால் அரசரின் தலைநகரான ஸ்ரீநகரைக் கடந்து, கடைசி ஊராகிய மானாவை அடைந்தனர்.

மானா மக்களுக்கு அக்கணவாய் புதிதன்று. பனி உருகிய பின் கடந்து திபெத்தில் வணிகம் செய்து மீள்வது அவர்களது வழக்கம். ஆகவே அவர்கள் காத்திருந்தார்கள். அந்திராதே காத்திருக்கவில்லை. அரசரின் ஆட்கள் தம்மைத் தடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, மார்க்கஸை ஊரிலேயே விட்டுவிட்டு, பணியாளர் இருவரோடும் மானாவைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவரோடும் மேலேறினார். சில நாட்களில் பின்தொடர்ந்து வந்தவர்கள் வழிகாட்டியை அச்சுறுத்தித் திரும்ப அழைத்துக்கொண்டனர். மூவரும் வழிகாட்டி இல்லாமலே நடந்தார்கள்.

அதன் பின் நிகழ்ந்ததை அந்திராதேயே அவ்வாண்டு நவம்பரில் ஆக்ராவிலிருந்து எழுதிய மடலில் விவரித்தார். அம்மடல் 1626இல் லிஸ்பனில் அச்சேறியது. பனி இடுப்பளவும், சில இடங்களில் மார்பளவும் புதைத்தது. எனவே அவர்கள் படுத்துக்கொண்டு, நீந்துவதுபோல் பனியின் மேல் ஊர்ந்தார்கள். இரவில் அப்பனியின் மீதே போர்வைகளை மூடிக் கிடந்தார்கள். மேலே விழுந்து குவியும் பனியை அவ்வப்போது உதறாவிட்டால் அதுவே புதைகுழியாகிவிடும். கைகால்கள் உணர்விழந்தன. எதிலோ மோதி விரலின் ஒரு துண்டு போனதைக்கூட இரத்தத்தைக் கண்ட பிறகே அந்திராதே அறிந்தார். பனியின் ஒளி கண்ணைக் கெடுத்தது; பல நாட்கள் கட்டளைச் செபப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியவில்லை. மலையில் மனிதர் திடீரென இறப்பதற்கு மண்ணிலிருந்து எழும் நச்சு ஆவியே காரணம் என்று அவ்வூரார் கூற, அவரோ குளிரும் உணவுக் குறைவுமே காரணம் என்றார். ஏறத்தாழ 5,600 மீட்டர் உயரமுள்ள அவ்விடத்தில் காற்றின் அழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் பாதிதான்.

உச்சியருகே ஓர் ஏரி. கங்கை பிறக்கும் இடம் இதுவே என்று அந்திராதே எண்ணினார். இன்று தேவதால் எனப்படும் ஏரி அதுவென ஆய்வாளர் கொள்வர். அங்கே தோன்றும் சரசுவதி ஆறு மானாவுக்கு அருகே அலகநந்தாவில் கலக்கிறது. அப்பால் திபெத் முழுதும் ஒரே வெண்மை. வழியென்று அடையாளம் காட்ட எதுவும் இல்லை. உடன் வந்தோர் தளர்ந்துவிட்டனர். மூவரும் திரும்பினார்கள். அந்திராதேயின் துணிவைப் புகழும் நூல்கள் இத்திரும்புதலை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கோ அப்பயணத்தின் சிறந்த செயல் அதுவே என்று தோன்றுகிறது. சில நாட்களில் மார்க்கஸ் உணவோடு எதிரே வந்து சேர்ந்தார். பிறகு மானா மக்கள் செய்ததையே அவர்களும் செய்தார்கள்: பனி உருகும்வரை காத்திருந்து, ஆகஸ்டில் சாப்பராங் நகரை அடைந்தார்கள்.

படுத்து ஊர்ந்தால் பனி தாங்குகிறது, நின்றால் புதைக்கிறது. உடலின் பாரம் பரவுவதே காரணம். கனடாவின் பழங்குடிகள் இதே உண்மையைக் காலணியாக்கி வைத்திருந்தனர். வளைத்த மரச்சட்டத்தில் தோல்வாரைப் பின்னிய, முறம்போல் அகன்ற மிதியடி அது. 1633இன் குளிர்காலத்தில் இயேசு சபைக் குரு போல் லெ ஜேன் மொந்தாஞே மக்களோடு காட்டில் அலைந்தபோது அதை அணிந்து நடந்தார்.

ஆனால் மிதியடி ஒன்றே போதாது. 1646 சனவரி 30ஆம் நாள் குரு ஆன் தெ நூவே, இரு படைவீரரோடும் ஒரு ஹூரோன் பழங்குடியினரோடும், பாவசங்கீர்த்தனம் கேட்கவும் திருப்பலி நிறைவேற்றவும் ரிஷலியு கோட்டைக்குப் புறப்பட்டார். பனி மிதியடிக்குப் பழகாத வீரர்கள் உறைந்த ஏரியின் மேல் சோர்ந்துபோயினர். உதவி அனுப்புவதாகச் சொல்லி, தம் போர்வையையும் அவர்களிடமே விட்டுவிட்டு, அவர் நள்ளிரவுக்குப் பின் தனியே முன்சென்றார். பனிப்புயலில் வழி தவறினார். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று, முழந்தாளிட்டபடியே உறைந்திருந்த அவர் உடலைக் கண்டெடுத்தனர். தொப்பியும் பனி மிதியடிகளும் பக்கத்தில் கிடந்தன.

அந்திராதேயின் முயற்சியால் 1626இல் சாப்பராங்கில் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர் அவர் கோவா மறைமாநிலத் தலைவரானார். 1634இல் அங்கேயே நஞ்சூட்டப்பட்டு இறந்தார். பயண நூல்களில் அவர் பெயர் இருக்கிறது. உணவோடு பனியில் எதிரே வந்த சகோதரர் மார்க்கஸ், பணித்தளம் அழிந்த பிறகும் 1640இல் அதே மலைவழியாகத் திபெத்திற்குள் நுழைய முயன்று சிறைப்பட்டார். அவரிடமிருந்து கடைசியாக வந்த மடல் 1641இல் ஆக்ராவை அடைந்தது. அதில் தம்மை விடுவிக்குமாறு கேட்டிருந்தார். முதன்முறை ஏரிவரை பனியில் நீந்திய பணியாளர் இருவரின் பெயர்களையோ அந்திராதேயின் மடல் குறிப்பிடவில்லை. இரு கிறிஸ்தவர்கள் என்று மட்டும் சொல்கிறது.