துவக்கும் அளவுகோலும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு கம்மியர் துவக்குச் செய்த விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரும்புக் குழல் ஒருபுறம், மரக்கட்டை ஒருபுறம், தீப்பொறி எழுப்பும் விசைப்பூட்டின் சிறு உறுப்புகள் ஒருபுறம். அவற்றை அவர் அரத்தினால் அராவி அராவி ஒன்றோடொன்று இசையச் செய்வார். அவ்வாறு இசைந்த உறுப்புகள் அந்த ஒரு துவக்குக்கே உரியன. போர்க்களத்தில் ஒன்றின் விசை முறிந்து, மற்றொன்றின் குழல் பிளந்தால், இரண்டின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒரு துவக்கு ஆக்குதல் எளிதன்று. இரண்டிருந்தும் ஒன்றுமில்லை என்பதே படைவீரனின் நிலை.

இக்குறையைத் தீர்க்க முயன்றவருள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு ஹொனரே பிளாங். 1785ஆம் ஆண்டு அவரது பட்டறைக்கு அமெரிக்கத் தூதுவராயிருந்த தோமஸ் ஜெபர்சன் சென்றார். ஐம்பது விசைப்பூட்டுகளின் உறுப்புகள் வகைவகையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு அகப்பட்டவற்றை எடுத்துத் தாமே பல பூட்டுகளைப் பொருத்திய ஜெபர்சன், அவை பிசகின்றி அமைந்ததைத் தம் அரசுக்கு எழுதினார். பிரான்சு பின்னர் இம்முறையைக் கைவிட்டது, அமெரிக்காவோ பற்றிக்கொண்டது.

அமெரிக்காவில் இப்புகழ் நெடுங்காலம் எலி விற்னிக்கே சூட்டப்பட்டது. 1798ஆம் ஆண்டு அவர் இரண்டே ஆண்டுகளில் 10,000 துவக்குகள் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தார். 1801ஆம் ஆண்டு வாஷிங்ரன் நகரில், அரசின் பெரியோர் முன்னிலையில் பூட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். ஆயின் ஒப்பந்தம் நிறைவேறியது 1809இலேதான். 1960ஆம் ஆண்டு றொபேட் வுட்பரி என்னும் வரலாற்றாசிரியர் எஞ்சியுள்ள விற்னி துவக்குகளைப் பற்றி ஆராய்ந்து எழுதியபோது, அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றக் கூடியன அல்ல என்பது வெளிப்பட்டது. காட்சி வேறு, சாதனை வேறு.

சாதனைக்குரியவர் யோன் ஹோல். பின்புறமாக மருந்திடும் றைபிள் ஒன்றுக்கு 1811இல் காப்புரிமை பெற்ற இவர், 1819 முதல் ஹாப்பர்ஸ் பெரி அரசாங்க ஆயுதசாலையில் பணிபுரிந்தார். ஓர் உறுப்பின் நீளத்தை ஓரிடத்திலிருந்தும், துளையை வேறோரிடத்திலிருந்தும் அளந்தால் சிறுபிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும். ஆகவே ஒவ்வோர் உறுப்பிலும் ஒரே நிலையிடத்தைக் குறித்து, எல்லா அளவுகளையும் அங்கிருந்தே எடுக்கச் செய்தார். உறுப்புக்கு உறுப்பு தனித்தனி அளவுமானிகளும் வகுத்தார். 1826-27இல் அரசு அமைத்த குழுவினர் அவர் செய்த றைபிள்களைக் கழற்றிக் கலந்து மீண்டும் பொருத்திப் பார்த்து வியந்தனர். பின்னர், பல நூறு மைல் தொலைவில் கனெற்றிக்கற்றில் சிமியன் நோத் செய்த உறுப்புகளும் 1834 அளவில் ஹோலின் றைபிள்களோடு பொருந்தின.

இவ்வெற்றி பிரித்தானியாவையும் எட்டியது. 1854இல் அங்கிருந்து சென்ற குழுவினர், ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையில் 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துவக்குகளைக் கழற்றிக் கலக்கச் செய்தனர். தொழிலாளி ஒருவர் திருகாணி முடுக்கி ஒன்றை மாத்திரம் கொண்டு அவற்றை மீண்டும் பூட்டி முடித்தார். அமெரிக்க இயந்திரங்கள் என்பீல்ட் ஆயுதசாலைக்கு வாங்கப்பட்டன.

ஆனால் இவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? தொடக்கத்தில் இம்முறை மலிவானதன்று. பொதுப்பணம் பெருகிச் செலவாயிற்று. அதனினும் பெரிய விலையைக் கைவினைஞர் கொடுத்தனர். தம் விருப்பப்படி வந்து, தம் கைத்திறத்தால் முழுத் துவக்கையும் உருவாக்கியவர்கள், மணிக்கூட்டுக்கும் மேற்பார்வைக்கும் அடங்க வேண்டியவராயினர். 1842இல் ஹாப்பர்ஸ் பெரித் தொழிலாளர் வேலையை நிறுத்தி, கால்வாய் வழியே படகேறிச் சென்று ஜனாதிபதி ரைலரிடம் முறையிட்டனர். அவர் இன்முகம் காட்டினார். ஆயினும் வேலைக்குத் திரும்புமாறே கூறினார்.

இன்று தமக்கென றைபிள் அமைப்போர் ஓரிடத்துக் குழலையும் வேறோரிடத்து விசையையும் தெரிந்தெடுத்துச் சேர்க்கின்றனர். அங்கும் பெயர் ஒன்றாயிருப்பதனால் உறுப்புகள் பொருந்தும் என நம்பிவிடுவதில்லை. குழலின் வெடியறையும் அதனை அடைக்கும் பூட்டுத்தண்டும் உரிய இடைவெளியில் அமைந்தனவா என அளவுமானி இட்டுச் சோதித்த பின்னரே சுடத் துணிவர். தவறினால் ஆபத்து சுடுபவருக்கே.

தையற் பொறியும் துவிச்சக்கர வண்டியும் மோட்டார் வண்டியும் இவ்வழியே வந்தவை. நம் வீட்டுப் பொறியில் ஒரு திருகாணி தேய்ந்தால் கடையில் வேறொன்று வாங்கிப் பூட்டுகிறோம். அச்சிறு வசதியின் பின்னே ஹோலின் அளவுகோலும், படகேறிச் சென்ற தொழிலாளரின் முறையீடும் ஒருங்கே நிற்கின்றன. ஒன்றை மாத்திரம் நினைப்பது வரலாற்றில் பாதியை மறப்பதாகும்.