வானேறிய வேந்தர் பெயர்கள்

1025-ஆம் ஆண்டளவில் கலம் செலுத்திக் கடாரம் கொண்ட இராஜேந்திர சோழனின் பெயர், இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கடல் கடந்தது. இம்முறை அது வான்வழிச் சென்றது.

ஏர் இந்தியா 1971-இல் தன் முதல் போயிங் 747 வானூர்தியைப் பெற்று, அதற்கு அசோகப் பேரரசன் பெயரைச் சூட்டிற்று. பின்வந்த ஊர்திகள் இராஜேந்திர சோழன், மகேந்திரவர்மன், கிருஷ்ணதேவராயர் முதலியோர் பெயர்களைத் தாங்கின. தமிழும் கன்னடமும் அடுத்தடுத்த வாயில்களில் ஒலிக்கும் நீலசந்திராவில் வாழும் நமக்கு, சோழனும் இராயரும் ஓரணியில் நின்ற செய்தி தனி மகிழ்வு தருவதாகும்.

எனினும் பெயர் காவலாகாது. 1978 புத்தாண்டு நாளில் ‘அசோகா’ மும்பைக் கடலில் வீழ்ந்து 213 பேர் மாண்டனர். 1985 ஜூன் 23-இல் வெடிகுண்டுக்கு இரையான ‘கனிஷ்கா’வோடு 329 உயிர்கள் அழிந்தன.

1993 முதல் வந்த 747-400 வகை ஊர்திகளுக்குத் தஞ்சாவூர், கொனார்க், அஜந்தா என ஊர்ப்பெயர்கள் வாய்த்தன. அவற்றின் நான்கு பொறிகளும் எரிபொருளை மிகுதியாய் உண்டன. இரு பொறி கொண்ட புதிய ஊர்திகளோ அதே தொலைவைக் குறைந்த செலவில் கடந்தன. ஆகவே ஓய்வு நெருங்கிற்று. அதற்குமுன் ஒரு பெரும்பணி எஞ்சியிருந்தது. 2020 பிப்ரவரித் தொடக்கத்தில், கொள்ளைநோய் சூழ்ந்த வூகான் நகரிலிருந்து, இரண்டே பயணங்களில் 647 இந்தியரையும் மாலத்தீவினர் எழுவரையும் இவ்வணி மீட்டு வந்தது.

2024 ஏப்ரல் 22-இல் இறுதி ஊர்தியான ‘ஆக்ரா’, விற்கப்பட்டு மும்பையை நீங்கிற்று. வென்று மீண்ட கலங்களை மெய்க்கீர்த்திகள் போற்றின; மக்களை மீட்டு வந்த இவ்வூர்திகளையும் நம் வரலாறு மறவாதிருத்தல் வேண்டும்.