ஒயிலாட்டம்: வரிசையில் நின்று கற்கும் ஆட்டம்

ஒயிலாட்டம் தமிழ்நாட்டின் நாட்டார் குழு ஆடல்களுள் ஒன்று. ஒயில் என்ற சொல்லுக்கு அழகு, ஒய்யாரம் என்பது பொருள். ஆட்டக்காரர்கள் ஒரே வரிசையாகவோ எதிரெதிரே இரு வரிசைகளாகவோ நின்று, கையில் வண்ணத் துணியும் காலில் சலங்கையுமாக, பாட்டுக்கேற்ப ஒன்றுபோல அடிவைத்து ஆடுவர். மதுரை, திண்டுக்கல், திருச்சி, கொங்குப் பகுதிகளில் இது பரவலாக ஆடப்படுகிறது. பழனி மலைத்தொடரின் அடிவார ஊர்களும் இந்த வட்டத்துக்குள் அடங்கும்.

ஆடும் முறை

தவில், டோலக், ஜால்ரா போன்ற கருவிகள் பின்னணியில் ஒலிக்கும். எவையெவை என்பது ஊருக்கு ஊர் மாறும். குழுவின் ஆசிரியரை வாத்தியார் என்று அழைப்பர். அவர் ஓர் அடியைப் பாட, ஆட்டக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடி ஆடுவர். இராமாயணம், வள்ளி திருமணம் போன்ற கதைகள் பாடல்களாக அமையும். தொடக்கத்தில் மெதுவாக இருக்கும் ஆட்டம் படிப்படியாக விரைவுபெறும். குனிதல், நிமிர்தல், திரும்புதல், துள்ளுதல் ஆகியவை அதன் அசைவுகள். முன்பு ஆண்கள் மட்டுமே ஆடிவந்தனர். அண்மைப் பத்தாண்டுகளில் பெண்களும் ஆடுகின்றனர்.

கற்கும் முறை

வேளாண்மை வேலை முடிந்த மாலை நேரங்களில் ஊர்ப் பொது இடத்தில் பயிற்சி நடக்கும். நன்கு ஆடத் தெரிந்தவர் வரிசையின் முன்னால் நிற்பார்; புதியவர் பின்னால் நின்று முன்னிருப்பவரின் காலைப் பார்த்துப் பழகுவார். கால் தடுமாறினால் வாத்தியார் பாட்டின் வேகத்தைக் குறைப்பார். கால் பழகியபின் கூட்டுவார். அடி நன்கு பதிந்தபின் திருவிழாவில் ஊரார் முன் ஆடுவர்.

இதே முறையிலான ஆட்டம் உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. அமெரிக்காவின் நாட்டுப்புற இசைக்கு ஆடப்படும் 'லைன் டான்ஸ்' அத்தகையது. அதில் இணை தேவையில்லை. அனைவரும் வரிசையாக நின்று ஒரே அடியை வைப்பர். 1992இல் வெளியான ஒரு பாடலுக்குப் பின் அது உலகெங்கும் புகழ்பெற்றது. கியூபாவில் தோன்றிய ரும்பாவின் பெயர் நடன அரங்குகள் வழியாக அதற்குள்ளும் வந்தது. பக்கவாட்டில் ஓரடி, கால் சேர்த்தல், முன்னே ஓரடி, ஒரு நிறுத்தம். மீண்டும் பக்கவாட்டில் ஓரடி, கால் சேர்த்தல், பின்னே ஓரடி, ஒரு நிறுத்தம் என எட்டு எண்ணிக்கையில் தரையில் ஒரு சதுரம் வரைவது 'ரும்பா பெட்டி' அடியாகும்.

இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. லைன் டான்ஸின் ஒவ்வோர் அடியும் எண்ணிக்கையுடன் தாளில் எழுதப்படுகிறது. யாரும் அதைப் படித்து ஆடலாம். ஒயிலாட்டத்தில் பாட்டை நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு; அடியை எழுதும் வழக்கம் இல்லை. அது வாத்தியாரின் காலிலும் மாணவரின் காலிலும் மட்டுமே இருக்கிறது. ஒரு வாத்தியார் மாணவரை உருவாக்காமல் மறைந்தால், நோட்டு எஞ்சும், ஆட்டம் எஞ்சாது.

இன்றைய நிலை

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைகளை நகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. கொடைக்கானலில் மே மாதம் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியையொட்டி நடக்கும் கோடை விழாவில் கிராமிய நடனங்கள் இடம்பெறுகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழாவில் மாணவர்கள் குழு நடனங்களில் போட்டியிடுகின்றனர்.

இம்மேடைகளால் ஆட்டம் புதிய பார்வையாளரைப் பெற்றது. ஆனால் சில நிமிடங்களே கிடைப்பதால் கதை சுருங்குகிறது. பதிவுசெய்த பாட்டுக்கு ஆடும்போது வேகம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. தடுமாறும் மாணவருக்காக ஒலிப்பதிவு வேகம் குறையாது. பள்ளி மைதானத்துக்கு ஒரு வாத்தியாரை அழைத்துப் பாடச் செய்வதும், அவர் வைக்கும் அடிகளை எண்ணிக்கையோடு எழுதியும் காணொலியாக எடுத்தும் வைப்பதும் மாணவர்களாலேயே செய்யக்கூடிய பணிகள். ஊர்ப் பொது இடத்தில் நடந்த கற்பித்தல் அவ்வழியே பள்ளியில் தொடரும்.