வறுமைக்கோடும் லயன் காம்பராவும்: மஹய்யாவவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

வறியவர் யார் என்னும் வினா எளிதானது போலவே தோன்றும். உண்ண இல்லாதவர் வறியவர். உடுக்க இல்லாதவர் வறியவர். ஆயின், அரசு இவ்வினாவை எழுப்பும்பொழுது அது எண்ணிக்கை பற்றிய வினாவாகிவிடுகிறது. எதனை அளப்பது, எந்த அளவிற்குக் குறைந்தால் வறுமை எனக் கொள்வது, யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது என்பன முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. இத்தீர்மானங்கள் வெறும் கணிதம் சார்ந்தவை அல்ல. அவை சமூக உறவுகளிலிருந்து பிறப்பன. வறுமையை அளக்கும் முறைகள் வளர்ந்தவாற்றைச் சுருக்கமாக நோக்கி, அம்முறைகளின் பார்வைக்குத் தப்பிவிடும் ஓர் இடமாகக் கண்டி மஹய்யாவவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மஹய்யாவ, கண்டி மாநகர எல்லைக்குள் மாத்தளைப் புகையிரதப் பாதையை ஒட்டி அமைந்தது. நகரின் பொது மயானம் அங்குள்ளது. நகரைத் துப்புரவு செய்வதற்கெனப் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட, அருந்ததியர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினரின் வழித்தோன்றல்கள் வாழும் லயன்களும் அங்கேயே உள்ளன. மயானமும் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பும் ஒரே பகுதியில் அமைந்தமையைத் தற்செயல் என்று கொள்வதற்கில்லை. தென்னிந்தியக் கிராமத்தில் ஊரையும் சேரியையும் பிரித்து நின்ற எல்லையைக் குடியேற்ற நகராட்சி தன் தேவைக்கேற்ப மீளமைத்துக்கொண்டது எனலாம்.

1

நவீன கருத்தில் வறுமைக்கோட்டினை வரைந்த முன்னோடிகளுள் சீபோம் ரௌன்ட்றி முதன்மையானவர். இங்கிலாந்தின் யோர்க் நகரில் 1899 இல் நடத்திய ஆய்வினை அவர் 1901 இல் நூலாக வெளியிட்டார். உடல் தொழிற்படுவதற்கு வேண்டிய உணவு, உடை, வாடகை என்பவற்றை மட்டுமே கணக்கிட்டு, ஐவர் கொண்ட குடும்பத்திற்கு வாரம் 21 சிலிங் 8 பென்ஸ் தேவை என்று அவர் வரையறுத்தார். பத்திரிகை வாங்குதல், கடிதம் எழுதுதல், பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்குதல் ஆகியன அக்கணக்கில் இடம்பெறவில்லை. அத்தகைய இறுக்கமான கோட்டின்படியும் நகர மக்களுள் பத்தில் ஒரு பங்கினர் அளவில் அதன்கீழ் நின்றனர். வறுமைக்குத் தொழிலாளியின் ஊதாரித்தனமே காரணம் எனப் போதித்தோர்க்கு இது தக்க மறுப்பாயிற்று. எனினும், மனிதத் தேவையை உழைக்கும் உடலின் தேவையாகச் சுருக்கும் மரபும் இதனால் வலுப்பெற்றது என்பது மனங்கொளத்தக்கது.

ரௌன்ட்றிக்கு முன்னரே, 1876 இல் பம்பாயில் வாசித்த இந்திய வறுமை பற்றிய கட்டுரையில் தாதாபாய் நௌரோஜி இதே வினாவை எழுப்பியிருந்தார். பிரித்தானிய இந்தியாவில் தலைக்குரிய ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாவே என்பது அவர் கணிப்பு. இதனைச் சிறைக்கைதிகளுக்கு ஆகும் செலவோடும், கப்பலேற்றப்பட்ட கூலிகளுக்கு விதிக்கப்பட்ட உணவோடும் அவர் ஒப்பிட்டார். கைதிக்கு அரசு செலவிடும் அளவுகூடச் சுதந்திர மனிதனுக்குக் கிட்டவில்லை என்பது அவ்வொப்பீட்டினால் வெளிப்பட்டது. ஆட்சியாளரின் அளவுகோலையே எடுத்து ஆட்சியாளரை அளந்தமை நௌரோஜியின் சாதனையாகும்.

2

இலங்கையில் உழைப்பாளியின் தேவையைச் சட்டம் அளந்த முக்கிய சந்தர்ப்பம் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமாகும். இதன்கீழ் 1929 இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தேவை ஆணின் தேவையினும் 11 சதம் குறைந்தது என்று எந்த உடற்கூற்றியல் கூறிற்று? உழைப்புச் சக்தியின் பெறுமதியில் வரலாறும் வழக்காறும் கலந்துள்ளன என்று மார்க்ஸ் கூறியதற்கு இதனைக் காட்டினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளரை நோக்கி எழுந்த இச்சட்டத்தின் பார்வை, நகரின் கழிவகற்றும் தொழிலாளர்மீது விழவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் அளவுகோல் வேறொரு பணிக்கும் பயன்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு நிறைவேறிய இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பிப்போர் தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் பேணத்தக்க வருமானமோ தொழிலோ உடையோராயிருத்தல் வேண்டும் என்றது. வறுமையைத் துடைப்பதற்கன்றி, குடியுரிமைக்கு உரியோரைத் தெரிவதற்கே இங்கு வருமானம் அளக்கப்பட்டது. நாடற்றோர் என்ற நிலைக்குச் சட்டத்தில் இறுதித் தீர்வு காண 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

3

1979 இல் பங்கீட்டு அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபொழுது, வறியவரைப் பிரித்தறியும் பணி அரசின் அன்றாட அலுவலாயிற்று. 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும எனத் திட்டங்கள் தொடர்ந்தன. இதற்கிடையே 2004 இல் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டை அறிவித்தது. நாளொன்றுக்கு 2,030 கலோரி உணவையும் பிற அடிப்படைத் தேவைகளையும் கணக்கிட்டு, 2002 ஆம் ஆண்டின் விலைகளில் ஒருவருக்கு மாதம் 1,423 ரூபா எனக் கொள்ளப்பட்டது.

இக்கோட்டின்படி 2016 இல் வறியோர் 4.1 சதவீதம். 2012/13 ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்டு கோடு திருத்தப்பட்டது. புதிய கோட்டின்படி, 2019 இல் மாதம் 6,966 ரூபா என்ற எல்லையின்கீழ் 14.3 சதவீதத்தினர் நின்றனர். மூன்றாண்டுகளில் நாட்டின் வறுமை மும்மடங்காயிற்று என்று இதனைக் கொள்ளுதல் தவறு. மாறியது முதன்மையாக அளவுகோலே. தோட்டத்துறையில் 8.8 சதவீதமாகக் காட்டப்பட்டது புதிய கோட்டின்கீழ் 33.8 சதவீதமாயிற்று. நேற்றுவரை 'வறியரல்லர்' எனப்பட்ட மக்கள், கோடு சற்று உயர்ந்ததும் வறியராகிவிட்டனர். கோட்டிற்குச் சற்று மேலே எத்துணை பெருந்தொகையினர் நெருங்கி நிற்கின்றனர் என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விடத்தில்தான் மஹய்யாவ நம் கவனத்தைக் கோருகிறது. புள்ளிவிபரம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாக வகுக்கிறது. 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் வதியும் பெருந்தோட்டமே தோட்டத்துறையாகக் கொள்ளப்படுகிறது. மஹய்யாவவில் லயன் உண்டு, தேயிலை இல்லை. தோட்டத் தொழிலாளரைப் போன்றே தென்னிந்தியாவிலிருந்து வந்து, அவர்களைப் போன்றே வரிசைக் காம்பராக்களில் குடியமர்த்தப்பட்ட மக்கள் இங்கு நகரத்துறையினுள் அடங்குகின்றனர். 2019 இல் நகரத்துறையின் வறுமை 6.0 சதவீதம். பிரதேச செயலாளர் பிரிவு அளவுக்கு இறங்கி வரினும், கண்டி நகரின் வணிகரும் உத்தியோகத்தரும் இவர்களும் ஒரே சராசரியில் கலக்கின்றனர். வெளியாகும் சதவீதத்தில் மஹய்யாவ கரைந்துபோகிறது.

மேலும், மாநகரசபைத் தொழிலாளி மாதச் சம்பளம் பெறுபவர். சம்பளச் சீட்டு அவரைக் கோட்டிற்கு மேலே தூக்கி நிறுத்திவிடக்கூடும். ஆனால் தொழிலோடு பிணைந்த குடியிருப்பும், பிள்ளைகள் மணமுடித்த பின்னும் விரிவடையாத காம்பராவும், முகவரியைக் கேட்டதும் முகம் மாறும் சமூகமும் அச்சீட்டில் பதிவாவதில்லை. தந்தையின் துடைப்பம் மகனின் கைக்கு மாறுவது வருமானக் குறைவால் மட்டும் நிகழ்வதன்று; சாதி தொழிலையும், தொழில் வதிவிடத்தையும், வதிவிடம் மீண்டும் சாதியையும் நிலைநிறுத்தும் வட்டம் அது. 22 சுட்டிகளைக் கொண்ட அஸ்வெசும வீட்டையும் கல்வியையும் நோக்குவது ஒரு முன்னேற்றமே. ஆயின் அதுவும் தனித்தனிக் குடும்பங்களுக்குப் புள்ளியிடுகிறதேயன்றி, அக்குடும்பங்களை அவ்விடத்தில் நிறுத்திய வரலாற்றுக்குப் புள்ளியிடுவதில்லை.

முற்போக்காளராகிய நாமும் இத்தவற்றுக்கு முற்றிலும் புறம்பானவரல்லர். சம்பள உயர்வின் சதங்களுக்காகப் போராடிய அளவிற்கு, துப்புரவுத் தொழில் ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்டமைக்கு எதிராக நாம் போராடினோமா என்பது கேட்கத்தக்க வினா. இவ்வகையில் இலக்கியம் புள்ளிவிபரத்தையும் இயக்கத்தையும் முந்திச் சென்றமை குறிப்பிடத்தக்கது. துப்புரவுத் தொழிலாளியின் ஒருநாள் வாழ்வைச் சித்திரிக்கும் முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவல் 1935 இல் வெளிவந்தது. அதனைத் 'தீண்டாதான்' எனத் தமிழாக்கியவர் கண்டியை அடுத்த தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ். பக்கா என்னும் இளைஞன் அந்நாவலில் பசியால் மட்டும் துன்புறுபவனல்லன். தீண்டிவிட்டான் என்று கூச்சலிட்டு அறையப்படுபவன். அந்த அறையை எந்தக் கலோரிக் கணக்கும் அளக்காது.

வறுமைக்கோடு வேண்டாம் என்பது நமது முடிவன்று. எண்ணப்படாதவர் நிவாரணத்திலும் இடம்பெறார் என்பதை 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி நன்கு உணர்த்திற்று. கோரப்பட வேண்டியது வேறு. வறுமை என்பது ஒருவரிடம் இல்லாத பொருள்களின் பட்டியலன்று. மனிதரிடையே நிலவும் ஓர் உறவு. ஆதலால் தேயிலை இல்லாத லயன்களையும் தனியொரு பிரிவாகக் கணக்கெடுத்தல் வேண்டும். வருமானத்தோடு குடியிருப்புரிமையும், தலைமுறை தாண்டிய தொழில் மாற்றமும் அளக்கப்படல் வேண்டும். அளவுகோலை வகுக்கும் அவையில் அளக்கப்படும் மக்களுக்கும் இடம் வேண்டும். நாள்தோறும் விடியுமுன் கண்டி நகரைத் துலக்கிவைக்கும் கைகள் அந்நகரின் கணக்கேட்டில் தெளிவாகத் தென்படாதிருக்கும்வரை, அக்கணக்கு நிறைவுற்றதாகாது.